அப்பாவுக்குக் கண்புரை அறுவை: மோனோஃபோகலா, டோரிக்கா, டிரைஃபோகலா?

கடிகாரமகன்

வணக்கம். அப்பாவுக்கு வயது 68. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்தான் மோசம். எதிரே வருகிறவரைக் குரலை வைத்துத்தான் இன்னார் என்று சொல்கிறார். அறுவை செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விஷயத்தில்தான் குழம்பி நிற்கிறேன்.

டாக்டர் பார்த்து முடித்ததும் லென்ஸ் பற்றிப் பேச வேறு ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தாளைக் காட்டினார்கள். மோனோஃபோகல் பக்கத்தில் "நல்லது", டோரிக் பக்கத்தில் "இன்னும் நல்லது", டிரைஃபோகல் பக்கத்தில் "மிகச் சிறந்தது". பத்து நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள் என்றார்கள். சொல்லாமல் வந்துவிட்டேன்.

அப்பா சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வைக்காரர். பல வருடம் மைனஸ் 5.5-லேயே நின்றது. இந்த இரண்டு வருடத்தில் ஏறி ஏறி வலது கண் மைனஸ் 8, இடது கண் மைனஸ் 6.5. வாழ்நாளெல்லாம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். இப்போதும் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு வைத்திருக்கிறார். வேலையில் உட்கார்ந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிகாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெறும் கண்ணாலேயே பார்ப்பார். சர்க்கரை நோய் இல்லை. புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்.

அறுவை செய்துகொண்டவர்கள், வீட்டில் யாருக்காவது செய்தவர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.

மாலைவெயில்

தம்பி, எனக்கு நான்கு வருடம் முன் இரண்டு கண்ணிலும் டிரைஃபோகல் வைத்தார்கள். அதற்குமுன் 20 வருடம் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடியே என் நாள் போனது. இப்போது போன் பார்க்கிறேன், மருந்து அட்டையில் பொடி எழுத்தைப் படிக்கிறேன், கணினியில் தட்டுகிறேன், எதற்கும் கண்ணாடி இல்லை. அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரிது என்று அனுபவித்தால்தான் தெரியும்.

மறைக்காமல் இதையும் சொல்கிறேன். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். முதல் மாதம் பயந்தே போனேன். ஆறேழு மாதத்தில் மூளை பழகிக்கொண்டது. வளையம் இன்னும் இருக்கிறது, ஆனால் நானாகத் தேடினால்தான் கண்ணில் படுகிறது. நான் இரவில் வண்டி ஓட்டுவதில்லை, அதனால் எனக்கு இது ஒரு குறையாகப் படவில்லை.

இரவுப்பயணி

நான் ஓட்டுகிறவன், அதனால் அந்த இடத்தில்தான் அடிபட்டேன். வலது கண்ணில் மல்டிஃபோகல் (பல தூரத்துக்குமான லென்ஸ், டிரைஃபோகலும் அதில் ஒரு வகை) வைத்தார்கள். பகலில் அருமை. ராத்திரி எதிரே ஹெட்லைட் வந்தால் சிலந்திவலை விரித்தது போல் ஒளி சிதறும். மழையும் சேர்ந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிறப் பள்ளம் தெரியாது. கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரி வரை படிக்கிறேன், அதனால் "பார்வை நன்றாக இருக்கிறதே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பலகையில் எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை. சாலை அப்படியா இருக்கிறது?

பிறகு வேறொரு டாக்டரைப் பார்த்தேன். அவர் சொன்ன ஒன்றை எல்லோரும் நினைவில் வையுங்கள். மல்டிஃபோகல் ஒத்துக்கொள்ளவில்லை, லென்ஸை மாற்றவேண்டி வரலாம் என்ற எண்ணம் இருந்தால், அவசரப்பட்டு யாக் லேசர் (அறுவைக்குப் பின் லென்ஸின் பின்னால் படலம் மங்கினால் தெளிவாக்கச் செய்வது) செய்துகொள்ளாதீர்கள். லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையின் பின்பக்கத்தில் அந்த லேசர் ஒரு துளை போட்டுவிடும். அதற்குப் பிறகு லென்ஸை எடுப்பது ரொம்பச் சிக்கல். நான் மாற்றவில்லை, இரண்டாவது கண்ணுக்கு மோனோஃபோகல் வைத்துச் சமாளிக்கிறேன்.

அளவெடுப்பவள்

நான் கண் மருத்துவமனையில் பயோமெட்ரி எடுக்கும் பணியில் இருக்கிறேன். லென்ஸ் பவரைக் கணக்கிட கண்ணின் நீளத்தையும் கார்னியாவின், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தின், வளைவையும் அளப்பது என் வேலை. அறுவை செய்கிறவள் இல்லை. அதனால் கடைசி முடிவு உங்கள் டாக்டருடையது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்தத் தாள். அதில் இருப்பது விலை வரிசை, தர வரிசை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று லென்ஸும் மூன்று வேறு வேலை செய்கின்றன. மோனோஃபோகல் ஒரே தூரத்தைத் தெளிவாகக் காட்டும். கண்ணுக்குள் வரும் ஒளி முழுவதும் அந்த ஒரு தூரத்துக்கே போவதால் அந்தத் தெளிவு சுத்தமாக இருக்கும். டிரைஃபோகல் அதே ஒளியைத் தொலைவு, நடுத்தூரம், அருகு என்று மூன்றாகப் பிரிக்கிறது. தொலைவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். அதனால்தான் இரவுப்பயணி சொன்ன மங்கலும் வளையமும். லென்ஸில் பழுது ஒன்றும் இல்லை, மூன்று தூரத்துக்கும் பங்கு போட்டதற்கு அது கொடுக்கும் விலை. டோரிக் என்பது தனி வகையே இல்லை. கார்னியாவின் கோணலை, அதாவது ஆஸ்டிக்மாடிசத்தைச் சரிசெய்யும் ஓர் அம்சம். மோனோஃபோகலிலும் டோரிக் உண்டு, டிரைஃபோகலிலும் உண்டு.

இதற்கு நடுவே ஈடாஃப் என்று ஒரு வகை இருக்கிறது. தொலைவிலிருந்து கணினித் தூரம் வரை ஓரளவு நீட்டித் தரும், பொடி எழுத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி வேண்டும். வளையத் தொந்தரவு டிரைஃபோகலை விடக் குறைவு.

இப்போது உங்கள் அப்பா. நீங்கள் எழுதியதில் என்னை நிமிர வைத்தது லென்ஸ் பெயர்கள் இல்லை, அந்த நெற்றிக்கு ஏறும் கண்ணாடிதான்.

மைனஸ் 5.5 உள்ள கண் கண்ணாடி இல்லாமல் ஏறக்குறைய 18 சென்டிமீட்டரில் தெளிவாகப் பார்க்கும். மைனஸ் 8 என்றால் பன்னிரண்டரை. கடிகாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாரே, அது இதனால்தான். பொருள் அருகே வந்தால் பெரிதாகத் தெரியும். உங்கள் அப்பாவின் கிட்டப்பார்வையே அவருக்குப் பூதக்கண்ணாடியாக இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறது. அறுவையில் அது போய்விடும். டிரைஃபோகல் கொடுக்கும் அருகுப்பார்வை 40 சென்டிமீட்டர் அளவில். புத்தகத்துக்கும் போனுக்கும் அது போதும். கடிகாரத்தின் முடி போன்ற மெல்லிய சுருளுக்குப் போதுமா?

அறுவைக்கு முன் இதை அவரிடம் யாராவது சொல்லவேண்டும். கட்டு அவிழ்த்த மறுநாள் அவராகவே கண்டுபிடிக்க விடாதீர்கள்.

இன்னும் இரண்டு. ஒன்று, பவர் இரண்டு வருடத்தில் ஏறியது புரையால் இருக்கலாம். கண்ணின் இயற்கை லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை கூடும். இரண்டு, அந்தப் புராஸ்டேட் மாத்திரை டாம்சுலோசினா என்று அட்டையைப் பாருங்கள். அது கண்ணின் பாப்பாவை விரிக்கும் தசையைத் தளர்த்திவிடும். அறுவையின்போது பாப்பா சரியாக விரியாது, பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸ் கொடி போல அசையும். மாத்திரையை நிறுத்தினாலும் அந்த விளைவு முழுதாகப் போவதில்லை, அதனால் நீங்களாக நிறுத்தவேண்டாம். டாக்டருக்கு முன்பே தெரிந்தால் தயாராக இருப்பார்.

கடிகாரமகன்

டாம்சுலோசின்தான் அக்கா. இப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நாளைக்கே தெரிவிக்கிறேன்.

பூதக்கண்ணாடி விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ ஆபரேஷனுக்கு அப்புறம் நான் மேசையில உட்கார முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

ஊசிநூல்

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 30 வருடம் தையலும் எம்பிராய்டரியும் செய்தவள். மைனஸ் 4. வெளியே போகக் கண்ணாடி, வேலைக்கு வெறும் கண். ஊசியில் நூல் கோக்க மற்றவர்கள் தடுமாறும் வயதில் நான் பார்க்காமலே கோப்பது போலக் கோப்பேன்.

வலது கண் அறுவைக்கு முன் "தூரப்பார்வை நன்றாகத் தெரியும்படி வைத்துவிடலாமா?" என்று கேட்டார்கள். யார் வேண்டாம் என்பார்கள்? சரி என்றேன். கட்டு அவிழ்த்ததும் எதிர்வீட்டு மாடியில் காயும் துணியின் பூ வேலை தெரிந்தது. அழுதுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்து என் உள்ளங்கையைப் பார்த்தேன். ரேகை இல்லை. கையை நீட்டி, இன்னும் நீட்டி, கை முடிந்துவிட்டது, ரேகை வரவில்லை. என் கையே எனக்கு மங்கல்.

டாக்டர் தவறு எதுவும் செய்யவில்லை. கேட்டதைக் கொடுத்தார். நான் என்ன இழக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியாது, நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. மோனோஃபோகலைத் தூரத்துக்கும் வைக்கலாம், அருகுக்கும் வைக்கலாம் என்பதே எனக்கு இடது கண்ணுக்குப் போனபோதுதான் தெரிந்தது. கொஞ்சம் கிட்டப்பார்வை மிஞ்சும்படி இடது கண்ணை மைனஸ் 1.5 அளவில் நிறுத்தச் சொன்னேன். இப்போது ஒரு கண் தூரம், ஒரு கண் அருகு. துணி வெட்ட, பட்டன் வைக்கக் கண்ணாடி வேண்டாம். நுணுக்கமான எம்பிராய்டரிக்குக் கண்ணாடி போடுகிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி: மேசையில் உட்கார முடியும். பழைய மாதிரி முடியாது, அவ்வளவுதான். அதை இப்போதே தெரிந்துகொள்கிறாரே, அது நல்லது.

மாலைவெயில்

ஊசிநூல் அக்கா எழுதியதைப் படித்ததும் ஒன்று புரிந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்து தூரம் நன்றாகத் தெரியும், அருகில்தான் பிரச்சினை. டிரைஃபோகல் எனக்குக் கொடுத்தது எல்லாம் வரவு. கிட்டப்பார்வைக்காரருக்கு அப்படி இல்லை, ஏற்கெனவே கையில் இருப்பதில் கொஞ்சம் போகிறது. நான் முதலில் எழுதியபோது இதை யோசிக்கவில்லை.

ஓய்வாசிரியர்

எங்கள் பாட்டிக்கு லென்ஸ் வைக்காமல் புரை மட்டும் எடுத்த காலம். அறுவைக்குப் பின் பாட்டில் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி. அதில் எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஓரங்கள் வளையும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் டம்ளர் வேறு இடத்தில் இருக்கும். பாட்டி முதலில் விரலால் மேசையைத் தடவி, டம்ளரில் இடித்து, அப்புறம்தான் பிடிப்பார்.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்று துணிந்தவர் ஹரோல்ட் ரிட்லி. 1949-ல், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். போர் விமானிகளின் கண்ணில் புகுந்த விமானக் கண்ணாடித் துணுக்குகளை, அதாவது பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கை, கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்து, அதே பொருளில் லென்ஸ் செய்யவைத்தார். சக டாக்டர்கள் பலர் வருடக்கணக்கில் அவரை எதிர்த்தார்கள். முதல் நோயாளிக்கு லென்ஸ் பவர் கணக்குத் தப்பி, பெரிய கிட்டப்பார்வையில் முடிந்தது. இங்கே அளவெடுப்பவள் அம்மா செய்கிற வேலையின் அருமை அப்போதே தெரிந்திருக்கும். பிற்காலத்தில் ரிட்லிக்கே புரை வந்து, அவர் கண்ணிலும் லென்ஸ் வைத்தார்கள்.

பிறகு 1967-ல் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் பல்லைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து, புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறையைக் கொண்டுவந்தார். மடிக்கும் லென்ஸும் வந்தபின் வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது, தையலே இல்லை.

புதியவன்

லேசர் முறைதான் நல்லது, பிளேடே இல்லை என்கிறார்களே? அதையும் சேர்த்துக் கேட்கவேண்டுமா?

அளவெடுப்பவள்

ஃபெம்டோசெகண்ட் லேசர் ஆரம்ப வெட்டையும் பையின் முன் திறப்பையும் செய்யும், புரையைத் துண்டாக்கவும் உதவும். உறிஞ்சி எடுப்பது அப்போதும் பேக்கோ கருவிதான். 2020-ல் வெளியான பிரிட்டன், பிரான்ஸ் ஆய்வுகள் இரண்டும் பெரியவை. வழக்கமான பேக்கோவைவிடப் பார்வை மேலாக வந்ததாக இரண்டிலும் தெரியவில்லை. கைதேர்ந்த டாக்டர் கிடைத்தால் இதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

தாழைமடல்

ஒரு வேண்டுகோள். விழித்திரையை ஓசிடி (ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும்) ஸ்கேன் செய்யாமல் எந்த லென்ஸுக்கும் கூடுதல் பணம் கட்டாதீர்கள். அம்மாவுக்கு மாகுலாவில், அதாவது விழித்திரையின் நடுப்பகுதியில், தேய்வு இருந்தது. புரை மறைத்ததால் வெளியே தெரியவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை. மல்டிஃபோகல் வைத்தார்கள். வெளிச்சம் வந்தது, நிறம் வந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. ஏற்கெனவே பலவீனமான மாகுலாவுக்கு ஒளியையும் பங்கு போட்டுக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அம்மா இன்றும் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்க்கிறார். என்னால் அதை மறக்க முடியவில்லை.

அளவெடுப்பவள்

தாழைமடல் சொன்னது முழுக்க உண்மை. மாகுலா தேய்வு, முற்றிய குளுக்கோமா, சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பு, கார்னியா கோளாறு, இவை இருந்தால் மல்டிஃபோகல் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. கண் வறட்சி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யவேண்டும். வறண்ட கார்னியாவில் எடுக்கும் அளவே மாறிவிடும்.

கடிகாரமகன், அதிகக் கிட்டப்பார்வை என்றால் கண் நீளமாக இருக்கும். அதனால் விழித்திரை ஓரங்களையும் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட கண்களில் அறுவைக்குப் பின் விழித்திரை பிரியும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். எப்போதாவது மின்னல் வெட்டுவது போலவோ, திடீரெனக் கரும்புள்ளிகள் மழையாகவோ, ஓரத்தில் திரை இறங்குவது போலவோ தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது.

கடிகாரமகன்

மறுபடி போய்வந்தோம். இந்த முறை அப்பாவின் இடுக்கியையும் பின்பக்கம் திறந்த ஒரு கடிகாரத்தையும் எடுத்துப்போனேன். டாக்டர் முன்னால் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து காட்டினார். டாக்டர் ஒரு அளவுகோலை எடுத்து மூக்குக்கும் கடிகாரத்துக்கும் நடுவே பிடித்து அளந்தார். பிறகு பத்து நிமிடம் அப்பாவிடமே பேசினார், என்னிடம் இல்லை.

ஓசிடி நன்றாக இருக்கிறது. விழித்திரை ஓரத்திலும் ஓட்டை எதுவும் இல்லை. கண்ணின் நீளம் 26 மில்லிமீட்டர். கார்னியாவின் ஆஸ்டிக்மாடிசம் வலது கண்ணில் 1.75, இடது கண்ணில் 0.4.

டாக்டர் சொன்னது இது. இரண்டு கண்ணையும் மைனஸ் 2.5 அளவில் நிறுத்தலாம். கண்ணாடி இல்லாமல் 40 சென்டிமீட்டரில் படிக்கலாம், சாப்பிடலாம், மேசையில் சாமான் தேடலாம். வெளியே போக மெல்லிய கண்ணாடி. நுணுக்க வேலைக்குக் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. "50 வருஷமா கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் தெருவுக்குப் போறேன், அது எனக்குப் பாரமில்ல" என்றார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்தில் டிரைஃபோகல் பேச்சு முடிந்தது.

வலது கண்ணுக்கு டோரிக் தேவையா அக்கா? கண்ணாடிதான் போடப்போகிறாரே?

அளவெடுப்பவள்

அளவுகோல் எடுத்து அளந்த அந்த டாக்டரைப் பற்றிப் படிக்கவே மனம் நிறைகிறது.

டோரிக் பற்றி. எந்நேரமும் கண்ணாடி போடுகிறவருக்கு ஆஸ்டிக்மாடிசத்தைக் கண்ணாடியிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் உங்கள் அப்பா அருகு வேலைக்கு வெறும் கண்ணை நம்பப்போகிறார். 1.75-ஐ அப்படியே விட்டால் 40 சென்டிமீட்டரிலும் எழுத்துக்கு நிழல் விழும். அதனால் வலது கண்ணுக்கு டோரிக் மோனோஃபோகல் பொருத்தம், இடது கண்ணுக்குத் தேவையில்லை. டோரிக் சரியான கோணத்தில் உட்காரவேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் சுமார் 3 சதவீதம் பலன் குறையும், 30 டிகிரி திரும்பினால் வைத்ததற்கே அர்த்தமில்லை. படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால், அறுவைக்கு முன் உட்காரவைத்துக் கண்ணில் மையால் குறி வைப்பது உண்டு. அப்பா பயப்படவேண்டாம்.

பவர் கணக்குப் பெரும்பாலும் அரை டையாப்டருக்குள், அதாவது 0.5 பவர் வித்தியாசத்துக்குள், வந்துவிடும். உத்தரவாதம் கிடையாது, நீளமான கண்ணில் தப்பும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால்தான் முதல் கண் எங்கே வந்து நின்றது என்று பார்த்து, இரண்டாவது கண்ணின் கணக்கைத் திருத்துவார்கள்.

நடுவில் சில வாரம் சிரமம் இருக்கும். ஒரு கண் மைனஸ் 2.5, மறு கண் மைனஸ் 6.5. இந்த வித்தியாசத்தைக் கண்ணாடியில் போட்டால் தலை சுற்றும். இடது கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் போடலாமா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டாவது அறுவையை ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள்.

ஊசிநூல்

சொட்டு மருந்துக்கு ஒரு தாளில் கட்டம் போட்டு ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ உடனே போகவேண்டும்.

கடிகாரமகன்

வலது கண் முடிந்து 12 நாள். மாத்திரை விஷயம் முன்பே தெரிந்ததால் பாப்பாவை விரித்துப் பிடிக்கும் வளையத்தைத் தயாராக வைத்திருந்தார்களாம், அது தேவைப்பட்டதாம். அளவு மைனஸ் 2.75-ல் வந்து நின்றிருக்கிறது.

முதல் நாள் அப்பா ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாற்றி மாற்றி மூடி, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தச் சுவர் வெள்ளையாடா? இத்தனை நாள் வெளிர்மஞ்சள்னு நினைச்சேன்" என்றார்.

நேற்று மேசையில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கடிகாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மங்கல். மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தினார், ஒரு முழம் கூட இல்லை, அங்கே முள்ளும் எண்ணும் தெளிந்தன. சுருள் தெரியவில்லை. தன் குரு வைத்திருந்த பூதக்கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, வலது கண்ணில் இடுக்கிக்கொண்டார். மூன்று முறை கீழே விழுந்தது. நான்காவது முறை நின்றது. அரை மணி நேரம் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இடது கண்ணுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு மைனஸ் 2.5 போதுமா, 3 வைத்தால் மேசைக்கு இன்னும் வசதியா என்று அப்பாவே டாக்டரிடம் கேட்கப்போகிறாராம்.